எட்டுச் சக்கரங்கள்



லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் 'பஃபிங் பில்லி' என்ற பழைய இஞ்சின் ஒன்று நிற்கிறது. இன்றுவரை மிஞ்சியிருக்கும் நீராவி ரயில் இஞ்சின்களில் இதுவே மிகப் பழையது. வட இங்கிலாந்தில் வைலம் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்துக்காக 1813-14இல் வில்லியம் ஹெட்லி இதைக் கட்டினார். டைன் நதிக்கரையிலுள்ள லெமிங்டன் வரை சுமார் 5 மைல் தூரம், முன்பு குதிரைகள் இழுத்த நிலக்கரி வண்டிகளை இது இழுத்தது.

வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான சக்கரம் வழுக்கிச் சுழலும், பாரத்தை இழுக்காது என்று அக்காலத்தில் பலர் எண்ணினார்கள். ஹெட்லி, ஆட்கள் கையால் சுழற்றும் ஒரு வண்டியைச் செய்து சோதித்துப் பார்த்தார். வண்டியில் போதிய எடை இருந்தால் சக்கரம் வழுக்காது என்று கண்டார். ஆகவே இஞ்சினுக்குப் பாரம் அவசியமாயிற்று. அதன் எடை சுமார் 8 டன்.

அந்தப் பாரமே அடுத்த தொல்லையாயிற்று. அந்நாளைய வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் அதைத் தாங்காமல் உடைந்தன. எடையைக் குறைத்தால் இழுக்கும் பலம் போகும். குறைக்காவிட்டால் பாதை போகும். என்ன செய்தார்கள்? நான்கு சக்கரங்கள் இருந்த இடத்தில் எட்டு வைத்தார்கள். பாரம் குறையவில்லை, பகிரப்பட்டது. 1830 வாக்கில் பலமான தண்டவாளங்கள் வந்தபின் மறுபடியும் நான்காக மாற்றினார்கள். வேகம் மணிக்கு 5 மைல்தான். ஆனாலும் 1862 வரை உழைத்தது.

நம் சபையிலும் பாரம் சுமக்கும் வாலிபர் உண்டு. படிப்போடு பகுதிநேர வேலை, பெற்றோருக்கு வரும் கடிதங்களை வாசித்து விளக்குவது, தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அழைத்துப்போவது. இவை வீண் சுமைகள் அல்ல. நம்மை வழுக்காமல் நிறுத்துபவையும் இவையே. ஆனால் ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் ஒருநாள் ஏதோ ஒன்று உடையும். அப்படி உடைந்தவர்கள் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஒரு ஞாயிறு வரமாட்டார்கள். மறு ஞாயிறும் வரமாட்டார்கள்.

இந்த வாரம் கலாத்தியர் 6:2ஐயும் 6:5ஐயும் சேர்த்து வாசிப்போம். ஒன்று பிறருடைய பாரத்தைப் பற்றியது, மற்றது அவரவர் பாரத்தைப் பற்றியது. முரண் போலத் தோன்றினால் அந்த எட்டுச் சக்கரங்களை நினைத்துக்கொள்வோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சில வாரங்களாகக் கண்ணில் படாத ஒருவருக்குப் போன் செய்வோம். "ஏன் வரவில்லை?" என்று கேட்க வேண்டாம். "நான் எதில் கைகொடுக்கட்டும்?" என்று கேட்போம்.