ஆக்ராவில் அம்மாவுடன் ஒரு நாள்



திருக்கோகர்ணத்தில் குடியிருப்போருக்கு வெளியூர்ப் பயணிகள் புதியவர்கள் அல்லர். குன்றைக் குடைந்தெடுத்த பழங்கோயிலையும், 1910-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகத்தையும் காண வருவோருக்கு வழி காட்டியே பழகியவர்கள் நாங்கள். தாமும் ஒரு நாள் வேற்றூர் வீதியில் வழி கேட்டு நிற்க வேண்டும் என்னும் ஆசை அம்மாவுக்கு எப்போது தோன்றியதோ, அறியேன். சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு எழுந்தவர், "தாஜ்மஹாலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் தம்பி" என்றார்.

அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது. இரு முழங்கால்களிலும் வலி. ஆயினும் அவர் சொன்னால் சொன்னதுதான். புதுக்கோட்டை மாவட்டமெங்கும் அறிவொளி இயக்கம் பரவிய 1991-இல், நாற்பது வயதில், முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் பழகியவர் அவர். தமிழ் எழுத்துகளைக் கற்றதும் அப்போதுதான். அரபி எழுத்துகளை மட்டும் சிறு வயதிலேயே ஓதக் கற்றிருந்தார்.

சென்னையிலிருந்து இரண்டு இரவுகள் இரயிலில் கழிந்தன. செல்ல விரும்பும் அன்பர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள்: வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மஹாலில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. வண்டிகளும் வாயில் வரை செல்லா. மின்கல வண்டியில் ஏறிச் செல்ல வேண்டும். அடக்கவிடத்தின் உள்ளே செல்லத் தனிக் கட்டணமும் உண்டு. இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றவற்றை அங்குள்ளவர்கள் கேளாமலே சொல்லித் தந்துவிடுவார்கள், சற்றுக் கூடுதலாகவே!

செந்நிறப் பெருவாயிலைச் சுற்றிக் கறுப்புக் கல்லில் 'அல்ஃபஜ்ர்' அத்தியாயம் பொறிக்கப்பட்டுள்ளது. அமைதியடைந்த ஆன்மாவைச் சுவனத்திற்கு அழைக்கும் வசனங்களோடு நிறைவுறும் அத்தியாயம் அது. எழுதியவர் அமானத் கான் என்னும் எழுத்துக் கலைஞர். கீழே நிற்பவரின் கண்ணுக்கு எல்லா எழுத்தும் ஒரே அளவாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக, மேலே செல்லச் செல்ல எழுத்துகளைப் பெரிதாக்கி அமைத்திருக்கிறார். வெண்பளிங்கு மாளிகையின் நான்கு பெரு வளைவுகளைச் சுற்றி 'யாஸீன்' ஓடுகிறது. பின்னிப் பிணைந்த அந்த எழுத்துகள் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அம்மா மேடையில் நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரு சொல்லைக் கண்டுகொண்டார். அவ்விடத்திலிருந்து மனப்பாடமாக ஓதத் தொடங்கிவிட்டார். அருகே படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சற்று விலகி இடம் விட்டார்கள்.

உள்ளே நாம் காணும் இரண்டு பளிங்குக் கல்லறைகளும் அடையாளத்திற்காக அமைந்தவையே. மெய்யான கப்றுகள் கீழ் அறையில் உள்ளன. மும்தாஜின் கல்லறை நடு நாயகமாக இருக்க, பின்னர் வந்த ஷாஜஹானின் கல்லறை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. எல்லாம் இருபுறமும் ஒத்திருக்கும் அவ்விடத்தில் ஒத்து வராதது அது ஒன்றே. எங்களுக்கு முன் நின்ற குழுவினரிடம் வழிகாட்டி ஒருவர், கட்டிய தொழிலாளர்களின் கைகள் வெட்டப்பட்டன என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு வரலாற்றுச் சான்று எதுவும் இல்லை. ஆனால் சான்றுள்ள செய்தியை அவர் ஒரே வரியில் கடந்து போனார். 1612-இல் மணமுடித்த மும்தாஜ், பத்தொன்பது ஆண்டுகளில் பதினான்கு குழந்தைகளைப் பெற்றார். பதினான்காவது பேற்றின்போது, 1631-இல், புர்ஹான்பூரில் வஃபாத்தானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. பதினான்கில் வளர்ந்து ஆளானவர்கள் ஏழு பேரே.

இதை நான் அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அந்தப் பிள்ளை பிழைத்ததா?"

எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டியைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

வாசகர்களே, இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ளதை நான் சொல்லியாக வேண்டும். நான் அம்மா என்று அழைப்பவர் என்னைப் பெற்றவர் அல்லர், பெற்றவரின் தங்கை. என்னை ஈன்ற அன்றே என் தாய் மவுத்தாகிவிட்டார். ஆண்டொன்று கழிந்தபின் அத்தா அவருடைய தங்கையை நிகாஹ் செய்துகொண்டார். இது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த செய்திதான். ஆனால் அந்த இரவில் நடந்தது என்ன என்று யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

தோட்டத்துக் கல் இருக்கையில் அமர்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே, அம்மா அதைச் சொன்னார். ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு கிராமத்தில் இருந்தோம். வீட்டில்தான் பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, உதிரப்போக்கு மட்டும் நிற்கவில்லை. அத்தா மாட்டுவண்டி தேடி ஓடினார். வண்டி வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. "அக்கா என் மடியில் தலை வைத்திருந்தது. எனக்குப் பதினேழு வயது. தூங்குகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பசியில் அழுதாய். நான் உன்னைத் தூக்க எழுந்தபோதுதான் தலை சரிந்தது." இவ்வளவே சொன்னார்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை அறியாதார் இலர். இன்று தமிழக அரசின் மகப்பேற்று நிதியுதவித் திட்டம் அவர் பெயரால் நடைபெறுகிறது. அத்தகையவர் பிறந்த ஊருக்குச் சில கல் தொலைவில்தான் அந்த மாட்டுவண்டிக்காகக் காத்திருந்தார்கள். பிரசவத்தில் உயிர் துறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் நற்பேறு உண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அம்மாவும் அதைச் சொல்லித்தான் இத்தனை ஆண்டுகளும் மனத்தைத் தேற்றியிருக்கிறார். எனினும் அந்த வண்டி முன்னதாக வந்திருக்கலாகாதா என்று அன்று எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

பிற்பகலில் கோட்டைக்குச் சென்றோம். தம் மகன் ஔரங்கசீப்பால் 1658-இல் ஷாஜஹான் இங்கே காவலில் வைக்கப்பட்டார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1666-இல், இங்கேயே மறைந்தார். அக்காலமெல்லாம் உடனிருந்து பணிவிடை செய்தவர் மூத்த மகள் ஜஹானாரா. யமுனையை நோக்கிய எண்கோண மாடத்தருகே நின்றால் ஆற்றின் வளைவில் தாஜ் தெரிகிறது. புகை மூட்டத்தில் அன்று அது பென்சிலால் வரைந்தது போலிருந்தது. படிகள் மிகுதியாகையால் அம்மா அங்கே அதிகம் நடக்கவில்லை.

மாலையில் ஆற்றின் அக்கரையில் உள்ள இஃதிமாதுத்தவ்லாவின் அடக்கவிடத்தைக் கண்டோம். தாஜைக் காண்போரில் பலர் இங்கு வருவதில்லை. அது பெரும் பிழை என்பது என் கருத்து. 1622-இல் மறைந்த மிர்ஸா கியாஸ் பேக்குக்கும், சில மாதங்கள் முன்னரே மறைந்த அவர் மனைவி அஸ்மத் பேகத்துக்கும் அவர்களின் மகள் நூர்ஜஹான் எழுப்பியது இது, 1628-இல் முடிந்தது. மும்தாஜுக்கு இவர்கள் பாட்டனார், பாட்டியார். வெளிச்சுவர் முழுவதும் வெண்பளிங்கு. அதில் வண்ணக் கற்களைப் பதித்து மரமும் பூவும் கனியும் குடுவையும் இழைத்திருக்கிறார்கள். தாஜுக்கு முன்னோடி என்று இதனைச் சொல்வதுண்டு. உள்ளே கணவனும் மனைவியும் அருகருகே இருக்கிறார்கள். கட்டிய மகளோ 1645-இல் லாகூரில் மறைந்து அங்கேயே அடங்கினார்.

"தாய் தகப்பனுக்கு ஒரு பெண் பிள்ளை கட்டியதா!" என்று அம்மா இருமுறை கேட்டார். பின், பளிங்குச் சன்னலின் துளைகள் வழியே விழுந்த வெயிலில் உட்கார்ந்து துஆச் செய்தார். அதில் ஒரு பெயரை மட்டும் உரக்கச் சொன்னார். அது அவருடைய அக்காவின் பெயர்.

அன்றிரவு விடுதியில் தேடிப் பார்த்தேன். அந்தப் பதினான்காவது குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை, பெயர் கௌஹராரா பேகம். 1706 வரை வாழ்ந்தார். திரும்பும் இரயிலில், இஷா தொழுகைக்குப் பிறகு, அம்மாவிடம் சொன்னேன்.

"எழுபத்தைந்து வயதா? என்னைவிட ஒன்று கூட" என்றார். சற்று நேரம் கழித்து, "அப்போது மூத்த பெண்ணுக்கு என்ன வயது?" என்று கேட்டார்.

ஜஹானாரா பிறந்தது 1614. கணக்கிட்டுச் சொன்னேன்: "பதினேழு."

"அப்படியென்றால் அதுதான் தூக்கி வளர்த்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அம்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.