சொல் வாழும் இடம்

‘நொட்டோரியஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பெயர்பெற்ற’ என்று குறிப்பேட்டில் எழுதி மனனம் செய்த மாணவர் ஒருவர், தாம் போற்றும் தலைவரை அச்சொல்லால் பாராட்டினால் என்னாகும்? அது தீமையால் பெயர்பெற்றவரையே சுட்டும், புகழுரை வசையுரையாகிவிடும். அரிய சொற்களைப் பட்டியலாக மனனம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாமைக்கு இதுவே காரணம். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்களைப் பிரித்தறியும் நாம், பிறமொழிச் சொற்களுக்கும் அத்தகைய நுண்வேறுபாடு உண்டு என்பதை மறக்கலாமா?

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி, ஏறத்தாழ 42,000 சொற்களுக்குப் பொருள் கூறியதோடு நிற்கவில்லை. இலட்சத்திற்கும் மேற்பட்ட மேற்கோள்களால் அவை வாழும் இடத்தையும் காட்டியது. வேரறிதலும் துணைசெய்யும். ‘பெனவலன்ட்’, ‘மலெவலன்ட்’ ஆகிய இரண்டின் பின்பகுதியும் ‘விரும்புதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்ததே. நன்மை விரும்புபவரையும் தீமை விரும்புபவரையும் முன்பகுதியே பிரிக்கிறது.

நாளொன்றுக்கு முப்பது சொற்களை எண்ணி முடிப்பதைவிட, மூன்று சொற்களை அவை வரும் தொடரோடு கற்று, மறுநாள் சொந்தத் தொடரில் ஆண்டு பார்ப்பதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் இவ்வறிவுரை எடுபடாது என்பதையும் அறிவேன்.