உடலுக்குள் ஒரு சுமைதூக்கி!

நம் முதுகிலிருந்து கால் விரல் வரை நரம்பு ஓடுகிறது. அதில் ஒரே ஓர் உயிரணு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அதன் கடைசி நுனிக்கு வேண்டிய சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?

'கைனசின்' என்ற புரத மூலக்கூறு! உயிரணுவுக்குள் மெல்லிய இழைகள் பாதை போல் கிடக்கின்றன. அவற்றின் மீது, மூட்டை தூக்குகிறவரைப் போல, கால் மாற்றிக் கால் வைத்து இது நடக்கிறது. 1985-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், கணவாயின் நரம்பில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அதன் நடையைப் பார்ப்பது எப்படி? சாதாரண மைக்ராஸ்கோப், ஒரு மில்லி மீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு வரைதான் பிரித்துக் காட்டும். கைனசின் அதைவிட மிகச் சிறியது.

வழி திறந்தவர் ஆர்தர் ஆஷ்கின். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். லேசர் ஒளியைக் குவித்தால், அது சின்னஞ்சிறு மணியை இடுக்கி போலப் பிடித்துக்கொள்ளும் என்று 1986-ல் அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

1993-ல் வேறு சில விஞ்ஞானிகள், அப்படிப்பட்ட மணி ஒன்றைக் கைனசினிடம் சுமையாகக் கொடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் கைனசின் தெரியவில்லை; மணி தெரிந்தது. அது வழுக்கிச் செல்லவில்லை. அடி அடியாக நகர்ந்தது! ஓர் அடிக்கு 8 நானோ மீட்டர். ஒரு மில்லி மீட்டரை 1,25,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறு!

"சரி, இதனால் என்ன பயன்?" என்று கேட்கலாம்.

ஒரு வகைக் கைனசினின் மரபணு பழுதானால், கால்கள் விறைத்து நடை கெடும் பரம்பரை நோய் வருகிறது. 2002-ல் இது தெரிந்தது. அந்த நோயை அடியோடு போக்க இன்றும் மருந்து இல்லை. சுமைதூக்கி எங்கே இடறுகிறது என்று தெரிந்தால்தானே மருந்து தேட முடியும்? அதைப் பார்க்கும் கருவி இப்போது கையில் இருக்கிறது.

ஆஷ்கின் 1970-ல் ஒளியால் துகள்களைத் தள்ளிக் காட்டியபோது, கைனசின் என்ற பெயரே உலகத்தில் இல்லை. பயன் என்னவென்று அன்று கேட்டிருந்தால், அவரால் இதைச் சொல்லியிருக்க முடியாது. 2018-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது வயது 96!

ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயம்தான். ஆனால் விதைத்த அன்றே அறுவடை கேட்பது நியாயம் அல்ல. நாட்டுக்கும் இது பொருந்தும், வீட்டுக்கும் பொருந்தும். உங்கள் பிள்ளை "இது ஏன் இப்படி?" என்று கேட்டால், "இது தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று வாயை அடைக்காதீர்கள்!