கணக்கில் வராத மாடி

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அப்பா கட்டிய வீட்டை, அண்ணன் தம்பி தங்கையோடு சேர்ந்து, விற்றுப் பார்! முதல் இரண்டும் எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரியும்.

அந்த மூன்றாவது விஷயத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களுடன் பேசப் போகிறேன். அதிலும் முக்கியமாக, பிளான் வாங்காமல் கட்டிய பகுதியைப் பற்றி. "எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாதே!" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். சந்தில் இறக்கிய தகரக் கொட்டகை, மொட்டை மாடியில் எழுப்பிய ஒற்றை அறை, அடைத்துவிட்ட வராந்தா, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஏறும் மாடிப்படி, இவற்றில் ஒன்றாவது இல்லாத பழைய வீட்டைச் சென்னையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு மேற்கு மாம்பலத்தில் வீடு. 1974-ல் அப்பா முறைப்படி பிளான் போட்டு, அனுமதி வாங்கி, கீழ்த்தளம் மட்டும் கட்டினார். 1991-ல் மூத்த பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. புதுத் தம்பதிக்கு இடம் வேண்டாமா? மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி ஒரு குச்சியை எடுத்து மணலில் நாலு கோடு இழுத்தார். அதுதான் பிளான்! மூன்றே மாதத்தில் மாடியில் இரண்டு அறைகள் எழும்பின. படிக்கட்டுக்கு இடம் போதவில்லை. பக்கத்து வீட்டை ஒட்டி விட்டிருந்த சந்தில் அதை இறக்கிவிட்டார்கள். செலவில் பெரும் பகுதி மூத்த பிள்ளை பிராவிடெண்ட் பண்டில் வாங்கிய கடன்.

வருஷங்கள் ஓடின. அப்பா காலமானார். உயில் எழுதவில்லை. அம்மா பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி பெங்களூரில். வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. வாங்க வந்தவர்கள் ஆசிரியர் தம்பதி. விலை பேசி, ஒப்பந்தம் எழுதி, முன்பணமும் கொடுத்தார்கள். மீதிக்குப் பாங்கில் கடன். பாங்கு இன்ஜினீயர் வந்து வீட்டை அளந்தார். பிறகு பழைய பிளானைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதில் ஒரு தளம்தானே இருக்கிறது? எனக்கு இரண்டு தெரிகிறதே!" என்றார்.

அவ்வளவுதான். அனுமதியுள்ள பகுதிக்கு மட்டுமே கடன் என்றது பாங்கு. "விலையைக் குறையுங்கள், அல்லது முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார்கள் ஆசிரியர்கள். வீட்டுக்குள் சண்டை மூண்டது.

"மாடி என் பணத்தில் கட்டியது. அதற்குரிய விலையை எனக்குத் தனியாகக் கொடுத்துவிட வேண்டும்" என்றார் அண்ணா.

"அண்ணா, உன் மாடியால்தான் விலையே குறைகிறது! குறைகிற தொகையை உன் பங்கில் கழித்துக்கொள்" என்றார் தம்பி.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருப்பது போலத் தோன்றுகிறது அல்லவா? சட்டம் என்ன சொல்கிறது, பார்ப்போம். வீடு அப்பாவின் சுயார்ஜிதம். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், பெண் எல்லோருக்கும் சமபங்கு. ஆகவே இங்கே நாலு பங்கு. (மற்ற மதத்தினருக்கு வேறு சட்டங்கள் உண்டு.) அப்பாவின் நிலத்தில் எழுந்த மாடியும் அப்பாவின் சொத்தோடு சேர்ந்ததுதான். பணம் போட்டவர் கணக்குக் கேட்கலாம். மாடி முழுவதும் எனக்கே என்று சொல்ல முடியாது. பெண் கையெழுத்துப் போடாமல் கிரயம் முழுமையாகாது என்பதையும் அண்ணன் தம்பிகள் மறந்துவிடக் கூடாது.

இப்போது காகிதங்களுக்கு வருவோம். "வீட்டு வரி ரசீதில் மாடியும் சேர்ந்திருக்கிறதே, ஸார்!" என்று பலர் நம்பிக்கையோடு சொல்வார்கள். வரி வாங்கியது உண்மை. அது அனுமதி ஆகாது. "மாடிக்குத் தனி மீட்டர் இருக்கிறதே!" மின்சாரம் வந்ததற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். "பட்டா எங்கள் பெயரில்தான்!" பட்டா நிலத்தைப் பற்றிப் பேசும்; மாடியைப் பற்றிப் பேசாது. "வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லையே!" கிரயம், அடமானம் போன்று பதிவான தஸ்தாவேஜுகள்தாம் அதில் வரும். மேஸ்திரி மணலில் இழுத்த கோட்டை யார் பதிவு செய்தார்கள்?

இன்னொரு குழப்பமும் உண்டு. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன் பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் அரசு திட்டம் கொண்டுவந்தது. அது மனைக்கு. அந்தக் காகிதத்தைக் காட்டி மாடிக்கு அனுமதி உண்டு என்று சொல்ல முடியாது. கட்டடங்களுக்கென்று 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 2012-ல் 113-சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு விலக்கு அளிக்க அதில் வழி செய்தார்கள். இந்த மாதிரிச் சலுகைகளுக்கெல்லாம் கெடுவும் நிபந்தனையும் உண்டு. விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள்தாம் கோட்டை விட்டவர்கள்.

சரி, இப்படி ஒரு மாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வழி மூன்று.

முதலாவது, விதிக்குள் அடங்குமா என்று பார்ப்பது. 2019-ல் வந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு, மனையின் அளவைப் போல் இரண்டு மடங்கு வரை கட்ட இடம் கொடுக்கின்றன. அதனால் பல வீடுகளில் பரப்பு ஒரு தடையாக இராது. சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விழுங்கியிருப்பதுதான் தடை. நல்ல இன்ஜினீயர் ஒருவரை வைத்து அளந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

இரண்டாவது, இடிக்க வேண்டியதை இடிப்பது. சில வீடுகளில் படிக்கட்டை மட்டும் மாற்றினால் போதும். மற்றதற்கு அனுமதி கேட்க வழி பிறக்கும்.

மூன்றாவது, இருப்பதை இருப்பபடியே சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பது. சொல்லாமல் விற்கலாமே என்று தரகர் காதைக் கடிப்பார். கேட்காதீர்கள்! தனக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால் விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். "பத்திரத்தில் மாடியே இல்லை என்று எழுதிவிடலாம்" என்பது இன்னும் மோசமான யோசனை. முத்திரைத் தீர்வையைப் பாதிக்கும் விவரங்களை மறைப்பதும் குற்றந்தான்.

பாங்கை ஏமாற்றலாம் என்ற எண்ணமும் வேண்டாம். கட்டி முடித்ததற்கான சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் கடன் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதி மீறிய கட்டடத்துக்கு வயதாகிவிட்டதால் மட்டும் அது நியாயமாகிவிடாது என்பதும் அதே தீர்ப்பின் கருத்து.

மாம்பலம் வீடு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? வழியைக் கண்டுபிடித்தது தங்கைதான். இன்ஜினீயரைக் கூட்டி வந்து அளக்கச் சொன்னாள். மாடிக்கு அனுமதி கேட்கலாம், படிக்கட்டு மட்டும் நிற்கக் கூடாது என்றார் அவர். அதற்கு மாதங்கள் பிடிக்கும். ஆசிரியர் தம்பதிக்கோ அவ்வளவு நாள் பொறுக்க முடியாது. எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லி, மாடிக்கு அனுமதி இல்லை என்று பத்திரத்திலேயே எழுதி, படியை மாற்றி அனுமதி வாங்க ஆகும் செலவை விலையில் குறைத்தார்கள். அந்தக் குறைவு நாலு பங்கிலும் சமமாக விழுந்தது. அண்ணா 1991-ல் போட்ட தொகையைப் பொதுப் பணத்திலிருந்து முதலில் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள் தங்கை. தம்பி முகத்தைச் சுளித்தார்.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்பா கடைசி மூணு வருஷம் படுக்கையில் கிடந்தபோது, ராத்திரி கூப்பிட்டால் மாடியிலிருந்து இறங்கி வந்தது யார்?" என்று கேட்டாள். தம்பி மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

சொந்த வீடு வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பிளான் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். அதையும் வீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், யார் எவ்வளவு போட்டுக் கட்டியது என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். உயிலையும் அப்படியே எழுதிவிடுங்கள். அன்றைக்குக் கொஞ்சம் மனஸ்தாபம் வரலாம். நீங்கள் இருக்கும்போது வந்தால், தீர்த்து வைக்க நீங்கள் இருப்பீர்கள்!