காசு கொடுத்தால் தண்ணீர் நமதாகிவிடுமா?

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்பட்டபோது, திருவான்மியூரில் எங்கள் தெரு நனைந்து கிடந்தது. மழையும் இல்லை, குழாய் உடைப்பும் இல்லை. நம் சகோதரர் ஒருவர் தம் வீட்டு மொட்டை மாடியில் வைத்திருக்கும் வெந்நீர்த் தொட்டியை, அதாவது ஜக்குஸியை, கழுவுவதற்காகத் திறந்துவிட்டிருந்தார். குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. அதே நேரத்தில் பக்கத்து அடுக்குமாடியின் சம்ப்பில் டேங்கர் லாரி ஒன்று தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தது.

தொழுகை முடிந்ததும் அவரிடம் கேட்டேன். "காக்கா, லாரிக்காரனுக்குக் காசு கொடுத்து வாங்கின தண்ணி. யார் வீட்டுக் குழாயையும் அடைச்சு எடுக்கலையே" என்றார். நான் எழுத வந்தது அந்தப் பதிலைப் பற்றித்தான். ஜக்குஸி ஹராம் என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மூட்டுவலியால் துன்புறும் தம் உம்மாவுக்காக அவர் அதை வாங்கினார். அந்த நிய்யத்துக்கு அல்லாஹ் கூலி வழங்கட்டும்.

ஆனால் காசு கொடுத்ததால் தண்ணீர் முழுக்க என்னுடையது என்ற எண்ணத்தை மார்க்கம் ஏற்கவில்லை. தண்ணீர், மேய்ச்சல் நிலம், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அறிவித்தது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மதீனாவின் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். வாங்கியதும் அனைவருக்கும் திறந்துவிட்டார்கள். இறைத்துப் பாத்திரத்தில் சேர்த்த தண்ணீரை விற்கலாம் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதித்துள்ளனர் என்பது உண்மையே. ஆகவே லாரித் தண்ணீரை வாங்கியதில் குற்றமில்லை. நம் சட்டைப்பையில் இருக்கும் பணமும் ஹலாலாக நாம் ஈட்டியதுதான். அதை வீண்விரயம் செய்யும் உரிமையை மார்க்கம் நமக்குத் தந்திருக்கிறதா? விற்பனை கூடும் என்பதால் விரயமும் கூடும் என்று ஆகிவிடாது.

அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? புறநகரையும் தாண்டி, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் வயல் கிணறுகளிலிருந்தும் வருகிறது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-லேயே தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால் உறிஞ்சுதல் எவ்வளவு பழையது என்று பாருங்கள். 2019 கோடையை யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டி வண்டிகளில் 25 லட்சம் லிட்டரை ஏற்றிக்கொண்டு இரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. 200 கிலோமீட்டருக்கும் அதிகமான பயணம். நெம்மேலியில் கடல்நீரை மின்சாரம் செலவழித்துக் குடிநீராக்குகிறோம். வீராணம் ஏரியின் நீரைக் கடலூர் மாவட்டத்திலிருந்து குழாயில் கொண்டுவருகிறோம். இரவுதோறும் சூரத்துல் முல்க் ஓதாத வீடு நம்மில் குறைவு. அதன் கடைசி வசனத்தில், உங்கள் தண்ணீர் பூமிக்குள் வற்றிப்போனால் யார் கொண்டுவந்து தருவார் என்று இறைவன் கேட்கிறான். "லாரிக்காரன்" என்று பதில் சொல்லும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது?

நால்வர் அமரும் தொட்டிக்கு ஏறக்குறைய 1,200 லிட்டர் பிடிக்கும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவில் உளூச் செய்தார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான அளவில் குளித்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒரு முத்து முக்கால் லிட்டரைத் தாண்டாது. அந்தக் கணக்கில், வெள்ளியன்று தெருவில் ஓடியது ஒரு மனிதர் ஐவேளைக்கும் ஏறத்தாழ 320 நாட்கள் உளூச் செய்யும் தண்ணீர். ஒரு ஸாஉ எனக்குப் போதாது என்று ஒருவர் சொன்னபோது, உம்மைவிட அதிக முடியுள்ளவரும் உம்மைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது என்னும் கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் மறுமொழி சொன்னார்கள். அந்த மறுமொழி இன்று எங்கள் தெருவுக்கும் பொருந்தும்.

இதன் மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் உண்டு. "குல்லத்தைன் அளவைத் தாண்டிய தண்ணீர், அசுத்தமாகாது, மாற்ற வேண்டியதே இல்லை" என்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லா என்பது ஏறத்தாழ 200 லிட்டர். தொட்டி அதைத் தாண்டுகிறது. நஜீஸ் விழுந்து நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை அது தூய்மையானதுதான். ஆனால் நம் ஊரில் ஹனஃபிகள் பெருந்தொகையினர். பள்ளிவாசல் ஹவுளுக்கு அவர்கள் சொல்லும் பத்துக்குப் பத்து முழ அளவை எந்த ஜக்குஸியும் எட்டாது. எனவே அவர்களிடத்தில் அது சிறு தண்ணீர்தான். ஒரே தொட்டி ராவுத்தர் வீட்டில் ஒரு சட்டம், மரைக்காயர் வீட்டில் ஒரு சட்டம்! எப்படியிருந்தாலும், மார்க்கத் தூய்மை வேறு, கிருமி வேறு. 40 பாகை வரை சூடாகும் நீரில் குளோரின் குறைந்தால், தோலில் கொப்புளம் கிளப்பும் கிருமியும், நீராவித் துளியோடு நுரையீரலுக்குள் போகும் லெஜியோனெல்லாவும் பெருகும். மூட்டுவலிக்காக இறங்கிய உம்மா நிமோனியாவுடன் எழுந்து வருவதற்கா அந்தத் தொட்டி? வழக்கமான பயன்பாட்டில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும் இடைவெளியை நீட்டிக்க வழியுண்டு. அதை நபிவழியே கற்றுத்தந்திருக்கிறது. குளிப்புக் கடமையானவர் தேங்கிய நீரில் இறங்கிக் குளிக்க வேண்டாம், அள்ளி எடுத்துக் குளிக்கட்டும் என்பது முஸ்லிமில் உள்ள அறிவிப்பின் கருத்து. தொட்டிக்குள் இறங்குமுன் ஒரு வாளித் தண்ணீரில் உடம்பைக் கழுவிவிட்டால் வியர்வையும் எண்ணெயும் சோப்பும் உள்ளே போகாது. குளோரினைத் தின்று தீர்ப்பவை அவைதாம்.

திறந்துவிடும் முறைக்கு வருகிறேன். என் கோபம் முழுவதும் அங்கேதான். திருவான்மியூர் கடற்கரை மணல்மேட்டில் அமர்ந்த ஊர். மேலே விழுந்தது விரைவாகக் கீழே இறங்கும். அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மொட்டை மாடியின் குழாய்கள் பெரும்பாலும் அந்தச் சேகரிப்புக் குழிக்கே இறங்குகின்றன. மாடித் தரையில் தொட்டியைத் திறந்துவிட்டால், குளோரினும் கழுவிய மருந்தும் அண்டை வீட்டுக்காரரும் இறைக்கும் நிலத்தடி நீரை நோக்கிப் போகும். தெருவோர வடிகாலில் விட்டாலோ பக்கிங்காம் கால்வாயிலும் கடலிலும் உள்ள மீன்களுக்குப் போகும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்த அன்றே இதைச் செய்கிறோம்.

பொறுமையிருந்தால் செய்வது எளிது. சூடேற்றியை அணைத்து, மருந்து எதுவும் சேர்க்காமல், மூடியைத் திறந்து இரண்டு மூன்று நாள் வெயிலில் விடுங்கள். சோதனைத் தாளில் குளோரின் பூச்சியம் காட்டினால் போதும். ஒரு வாரம் விட்டுவிடாதீர்கள், டெங்குக் கொசு காத்திருக்கிறது. மின்சாரத்தைச் சுவிட்சுப் பெட்டியிலேயே துண்டித்த பிறகு இறையுங்கள். நீரில்லாமல் சூடேற்றி ஓடினால் எரிந்துபோகும். தெளிந்த நீரை வாளியிலும் டிரம்மிலும் பிடித்தால் 8 லிட்டர் வீதம் 150 முறை கழிப்பறைக்கு ஊற்றலாம், வாசல் கழுவலாம், தென்னைக்கு விடலாம். எஞ்சியதை மெதுவாகப் பாதாளச் சாக்கடையில் விடுங்கள். தொட்டியை மெல்லிய துணியால் துடையுங்கள். குளியலறைக்கு ஊற்றும் ஆசிட் வேண்டாம். வடிகட்டியைத் தனியே அலசுங்கள். மீண்டும் நிரப்பும்போது வடிகட்டி இருக்கும் பள்ளத்தில் குழாயை வைத்தால் உள்குழாய்களில் காற்று அடைக்காது. குறியீடு வரை நிரம்பிய பிறகே மின்சாரம். போர்வெல் நீர் கடினமாயிருந்தால் சூடேற்றியில் உப்புப் படியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சகோதரரிடம் சொன்னபோது, "மூணு நாள் ஆகுமே காக்கா" என்றார். ஆகும்தான். அடுத்த முறை மாற்றுவதற்கு மூன்று நாள் முன்பே எனக்குச் சொல்லி அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். எங்கள் கட்டடத்தின் வாசலையும் படிக்கட்டையும் கழுவ, நானூறு லிட்டர் எனக்கும் தேவைப்படுகிறது.