பெட்டி பத்திரம், வரலாறு எங்கே?

மருதானைப் புகையிரத நிலையத்துக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையொன்றில், லண்டனிலிருந்து வந்திருந்த பழைய நண்பர் சென்ற வாரம் எனக்கொரு புகைப்படத்தைக் காட்டினார். பூவேலைப்பாடு செதுக்கிய பழங்காலச் சுழல்துப்பாக்கி. வெல்வெட் விரித்த மரப்பெட்டி. அதற்குள் ஈயக் குண்டு வார்க்கும் அச்சும் வெடிமருந்துக் குடுவையும் தத்தம் குழிகளில் அமர்ந்திருந்தன. "அசல் பெட்டி இருந்தால் விலையே வேறு. இது கலை ஐசே, ஆயுதமில்லை" என்றார். 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீட்டைக் கைவிட்டு உயிர்தப்பிப் போனவர் அவர்.

விலையைப் பற்றி அவர் சொன்னது உண்மை. 1847ஆம் ஆண்டின் கோல்ட் வோக்கர் சுழல்துப்பாக்கியொன்று 2018இல் அமெரிக்க ஏலத்தில் 18 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்குப் போனது. பெட்டியோடு எஞ்சிய ஒரே வோக்கர் என்று அறியப்பட்டதே அதன் பெருமை.

'கலை' என்ற வாதத்தைத்தான் நான் மறுக்கிறேன். சாமுவேல் கோல்ட் தங்கம் பதித்த துப்பாக்கிச் சோடியில் ஒன்றைத் துருக்கிச் சுல்தானுக்கும் மற்றையதை ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸுக்கும் அளித்தார். கிரிமியப் போரில் இருவரும் எதிரிகள்! இன்று ஒன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையிலும் மற்றையது ரஷ்யாவின் ஹெர்மிட்டேஜிலும் இருக்கின்றன. அந்தத் தங்கப் பூக்கள் ஆயுத வியாபாரி தூண்டிலில் கோத்த இரை. செதுக்கியவன் கலைஞன்தான். ஆனால் யாருக்காக, எதற்காகச் செதுக்கினான் என்பதை மறைத்துவிட்டுக் கலையை மட்டும் போற்றுவது நேர்மையன்று.

நமது நாட்டின் கதைக்கு வருவோம். லெவ்கே திசாவை 1745ஆம் ஆண்டளவில் கண்டி அரசனுக்கு வெள்ளியும் தங்கமும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கியொன்றை அளித்தார். மதுரை நாயக்கர் வழிவந்த அரசர்களின் காலம் அது. 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டியைச் சூறையாடியது. பீரங்கி கடல் கடந்தது. ஆம்ஸ்டர்டாம் ரிக்ஸ் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்தது. அது கொள்ளைப் பொருள் என்பதை ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். 2023இல் அப்பீரங்கியும் இரு வாள்களும் ஒரு கத்தியும் இரு பெருந்துவக்குகளும் கொழும்புக்குத் திரும்பி வந்தன.

அதே 2023இல், மே மாதம், திப்பு சுல்தானின் வாள் லண்டனில் ஒரு கோடியே 40 இலட்சம் பவுணுக்கு ஏலம் போனது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அரண்மனையிலிருந்து எடுத்துப் படைத்தளபதி பெயர்டுக்கு அளித்த வாள் அது. அந்த வரலாறு ஏல விளம்பரத்தில் மறைக்கப்படவில்லை. விலையை உயர்த்தவே பயன்பட்டது.

வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொள்ளை என்று நிறுவப்பட்டதும் அரசின் கையிலிருந்த பொருள் வீடு திரும்புகிறது. தனியார் கையிலிருந்தாலோ அதே கொள்ளை விலையேற்றும் சான்றிதழாகிறது. இது என்ன நீதி?

"திருப்பிக் கொடுத்தால் உங்களால் காக்க முடியுமா?" என்று கேட்பார்கள். 2012 மார்ச்சில் கொழும்புத் தேசிய நூதனசாலையில் வாள்களும் நாணயங்களும் களவுபோனது நமக்கு வெட்கக்கேடுதான். ஆனால் என் வீட்டுக் கதவு பலவீனமானது என்பதால் என் பொருள் அடுத்தவனுக்குச் சொந்தமாகிவிடுமா?

நண்பரின் துப்பாக்கி களவுப் பொருளென்று நான் கூறவில்லை. மூன்று கேள்விகளே கேட்டேன். யாருக்காகச் செய்யப்பட்டது? எந்த நாட்டில் யார் கையில் இருந்தது? எப்படிக் கைமாறியது? பெட்டியின் பூட்டு எக்காலத்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இம்மூன்றில் ஒன்றுக்கும் விடை தெரியவில்லை.

விட்டுவந்த வீட்டுச் சாமான் யார் வீட்டில் இருக்கிறதோ என்று இன்றும் வருந்துகிறவர் அவர். அத்தகையவரே இக்கேள்விகளைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? விடை கிடைக்காத ஆயுதத்தை வாங்கக்கூடாது. பெட்டி எவ்வளவு அசலாக இருந்தாலும் சரி.