ஏழு மணி ஊசி

மே மாதத்து ஜாதவ்பூரில் ஒரு நாய் தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி செய்தால் யாரும் கவலைப்படுவதில்லை. மனிதர்களே நாளெல்லாம் தண்ணீர் குடிக்கும் புழுக்கம் அது. கிண்ணத்தை மறுபடி நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் மழை பிடித்து ஜூலை பிறந்த பிறகும் கிண்ணம் காலியாகிக்கொண்டே இருக்கிறது. வருடக்கணக்காக வெளியே போய்ப் பழகிய நாய் கூடத்திலேயே சிறுநீர் கழிக்கிறது. அதற்குத் திட்டு விழுகிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனாலும் இளைக்கிறது. தடவிக்கொடுக்கும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்ட பிறகுதான் கால்நடை மருத்துவரின் நினைவு வருகிறது. ரத்தத்திலும் சிறுநீரிலும் ஒரு பரிசோதனை. முடிவு: சர்க்கரை நோய்.

"நாய்க்குச் சர்க்கரையா?" என்பது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். வளர்த்தவர்களுக்குள் எழும் இரண்டாவது கேள்வியில் சிரிப்பு இல்லை. "நாங்கள் கொடுத்த இனிப்பால்தான் வந்ததா?" கொல்கத்தாவில் இது சாதாரணக் கேள்வி அல்ல. விருந்தாளி வந்தால் இனிப்பு, பரீட்சையில் தேறினால் இனிப்பு, பூஜை வந்தால் இனிப்பு என்று இருக்கும் ஊரில் வீட்டு நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. பிழிந்த ரசகுல்லாவில் பாதி அதற்குத்தான்.

இந்தக் குற்ற உணர்ச்சிக்குப் பெரும்பாலும் ஆதாரம் இல்லை. நாய்களுக்கு வரும் சர்க்கரை நோயில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோகின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்குவது, கணைய அழற்சி, பரம்பரை எனக் காரணங்கள் பல. தின்ற ரசகுல்லாக்களின் எண்ணிக்கை அந்தப் பட்டியலில் இல்லை. எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த தீனி கணைய அழற்சியைத் தூண்டக்கூடும் என்பது உண்மைதான். பெட்டை நாய்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. பருவம் வந்து போன பின் சில வாரங்களுக்கு மிகுந்திருக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. கருத்தடை அறுவை செய்யாத பெட்டை நாய்களிடம் இந்த நோய் அதிகம் காணப்படுவதற்கு அது ஒரு காரணம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அறுவை செய்தால் சில நாய்களுக்கு நோய் விலகியும் போகிறது.

மற்ற நாய்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. மனிதர்கள் பலர் மாத்திரையில் காலம் தள்ளுவதைப் போல நாய்கள் தள்ள முடியாது. இன்சுலின் ஊசிதான் வழி. பெரும்பாலான நாய்களுக்கு நாளுக்கு இரண்டு தடவை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், உயிருள்ளவரை. காலை ஏழு மணிக்கு ஒன்று என்றால் மாலை ஏழு மணிக்கு ஒன்று. குடும்பங்களைக் கலங்கடிப்பது நோயின் பெயரைவிட இந்தக் கடிகாரம்தான்.

ஊசி போடுவது பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. மெல்லிய ஊசி, தளர்ந்த தோலைச் சற்றே தூக்கிப் பிடித்தால் போதும். தட்டில் சாப்பாடு இருக்கும்போது பல நாய்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மனிதர்களுக்கான இன்சுலினையே பல நாய்களுக்கும் எழுதிக்கொடுக்கிறார்கள். இந்திய மருந்துக் கடைகளில் இன்சுலின் இரண்டு வீரியங்களில் கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் பத்தாவது கோடு வரை இழுத்தால் நாய்க்குப் போவது 4 யூனிட்தான். 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் போவது 25 யூனிட். முதல் தவறில் நோய் அடங்காது. இரண்டாவது தவறில் நாய் பிழைக்காமலே போகலாம்.

சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் நாய் தள்ளாடும், சோர்ந்து விழும், வலிப்பும் வரலாம். ஈறில் தேனையோ குளுக்கோஸையோ தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். நாய் சாப்பிட மறுத்த வேளையில் வழக்கமான முழு அளவு ஊசியைப் போடக்கூடாது. மருத்துவருக்கு ஒரு போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரையான குளிர் வேண்டும். ஆனால் உறைந்துவிடக் கூடாது. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் நாயின் ரத்தத்தில் பெரும்பாலும் அளவைக் குறைத்தே காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாயின் ரத்தத்தில் சர்க்கரை சிவப்பணுக்களுக்கும் நீருக்கும் இடையே பிரிந்திருக்கும் விகிதம் மனித ரத்தத்தில் இருப்பது போன்றதல்ல.

இவ்வளவு பாடு ஒரு நாய்க்காகவா என்று கேட்பவர்களுக்குச் சரித்திரத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் ஜோசஃப் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அதன் சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. நோயின் இருப்பிடம் கணையம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். 1921 கோடையில் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடரிக் பான்டிங்கும் சார்ல்ஸ் பெஸ்ட்டும் கணையம் நீக்கிய நாய்களுக்குக் கணையச் சாற்றை ஏற்றிப் பார்த்தார்கள். 33ஆம் எண் நாயை மார்ஜரி என்று அழைத்தார்கள். கணையம் இல்லாமல், சாற்றின் தயவில் அது 70 நாள் உயிரோடிருந்தது. 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவன் அந்த மருந்தால் பிழைத்தான். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் ஆய்வகத் தலைவர் மெக்லியோடுக்கும் போயிற்று. இன்று வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலின் குப்பிக்குப் பின்னால் பெயரில்லாத பல நாய்கள் இருக்கின்றன. ஒரு நாய்க்கு ஊசி போடுகிறவர் தர்மம் செய்யவில்லை. பழைய கடனில் சிறு தவணையைக் கட்டுகிறார், அவ்வளவுதான்.

ஆனால் கடன் என்று சொல்வதால் பாரம் குறைந்துவிடாது. 2017இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பல நாடுகளின் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டார்கள். சர்க்கரை நோய் கண்ட வளர்ப்புப் பிராணிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று, நோய் தெரிந்த உடனேயே ஊசி போட்டு முடிக்கப்படுகிறது என்பது அவர்களது மதிப்பீடு. ஒரு வருடத்துக்குள் இன்னும் பத்தில் ஒன்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகல் குழுவினர் 238 பேரிடம் நடத்திய ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டியது. நாள்பட்ட நோயுள்ள பிராணியைப் பராமரிப்பவர்களிடம் மன அழுத்தமும் சோர்வும் மற்றவர்களைவிட அதிகம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உறவினர்களிடம் காணப்படும் அதே களைப்பு. "நாய்தானே" என்று ஊர் சொல்வதால் இவர்கள் அதை வெளியே சொல்வதும் இல்லை.

ஜாதவ்பூரில் இந்தக் களைப்புக்கு ஒரு தனி முகம் உண்டு. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் பிஜய்கர் போன்ற காலனிகளை எழுப்பிய பகுதி இது. காலனி வீடுகள் பல அடுக்குமாடிகளாகிவிட்டன. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, வயதான பெற்றோரும் ஒரு நாயும் மட்டுமே மிஞ்சிய ஃபிளாட்டுகளுக்குக் குறைவில்லை. லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கும், மயிலாப்பூரில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்த கதைதான். அங்கே சர்க்கரை நோய் ஏற்கனவே வீட்டுக்குள் இருக்கிறது. தாத்தாவுக்கு ஒரு ஊசி, நாய்க்கு ஒரு ஊசி என்று நாள் தொடங்குகிறது. நடுங்கும் விரலும் மங்கிய கண்ணும் சிரிஞ்சின் கோட்டைச் சரியாகப் படிக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்கு ரயிலேறுவதுகூட யோசிக்க வேண்டிய விஷயமாகிவிடுகிறது. ரயில் பயணமே ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

மருத்துவ வசதி இல்லாத ஊரல்ல இது. வங்காள கால்நடை மருத்துவக் கல்லூரி 1893இலேயே பெல்காச்சியாவில் தொடங்கியது. சென்னைக் கல்லூரியைவிடப் பத்து வருடம் மூத்தது. ஆனால் பெல்காச்சியா நகரத்தின் வடக்கே, ஜாதவ்பூர் தெற்கே. நிற்க முடியாத நாயை அவ்வளவு தூரம் கொண்டுபோக முதலில் ஒரு டாக்சிக்காரர் சம்மதிக்க வேண்டும். ஊசியையும் நேரத்தையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் அந்த ஓட்டம் அடிக்கடி தேவைப்படாது. நல்ல பராமரிப்பில் நாய்கள் வருடக்கணக்கில் வாழ்கின்றன.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றிரண்டு வருடங்களுக்குள் கண்புரை வருகிறது. ஒழுங்காக ஊசி போட்ட வீட்டிலும் வரலாம். அது யாருடைய தோல்வியும் அல்ல. அறுவை சிகிச்சை உண்டு. எல்லோராலும் செலவழிக்க முடியாது. ஆனால் நாய்க்கு உலகம் முதலில் மூக்கில்தான் இருக்கிறது. மேஜை நாற்காலிகளை இடம் மாற்றாமல், தண்ணீர்க் கிண்ணத்தை அதே மூலையில் வைத்திருந்தால் பார்வையிழந்த நாய் வீட்டை மறுபடி கற்றுக்கொள்கிறது. வளர்த்தவர்கள் அதன் பார்வைக்காக வருந்தும் அளவுக்கு அது வருந்துவதாகத் தெரிவதில்லை.

மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னதும் குடும்பங்கள் கேட்பது, எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் இருக்கும் என்பது. இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: மாலை ஏழு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? ஒரே ஒருவர் என்றால் அந்த ஏற்பாடு அவருக்கு வரும் முதல் காய்ச்சலிலேயே சரிந்துவிடும். மாடி வீட்டு மாணவனோ, எதிர் ஃபிளாட்டுப் பெண்மணியோ, வேலைக்கு வரும் அம்மாளோ, இன்னொருவர் ஊசி போடக் கற்றுக்கொண்டாக வேண்டும். கால் மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. நாய்க்கு ரசகுல்லா கொடுத்துப் பழகிய கைகள் அந்தக் கட்டடத்தில் நிறையவே இருக்கும். அவற்றில் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்.